பழைய பொலிஸ் முறைப்பாட்டையும் நீதிமன்ற வழக்கேட்டையும் தேடிப் பெறுதல்

மீளக்குடியேறிச் சில மாதங்களுக்குள் ஏதோ ஓர் அலுவலகத்தில் உங்களிடம் இந்தக் கேள்வி கேட்கப்படும்: “அந்த நேரம் பொலிஸில முறைப்பாடு போட்டனீங்களோ? பிரதி இருக்கா?” வீடு எரிந்ததற்கு நட்டஈடு கேட்கும்போது கேட்பார்கள். காணி உறுதி தொலைந்தது என்று சொல்லும்போது கேட்பார்கள். காணாமற்போன பிள்ளையைப் பற்றிய விண்ணப்பத்தை நிரப்பும்போதும் கேட்பார்கள். முறைப்பாடு கொடுத்தது நினைவில் இருக்கும். ஆனால் அந்தத் துண்டு மூன்றாவது இடப்பெயர்விலோ நான்காவது இடப்பெயர்விலோ தொலைந்துபோயிருக்கும்.

இன்னொரு வகைக் குடும்பங்களும் உண்டு. வீட்டில் ஒருவர் முன்னர் கைது செய்யப்பட்டுப் பிணையில் வந்தார். அடுத்த தவணைக்கு முன் ஊரே இடம்பெயர்ந்தது. வழக்கு என்ன ஆனதென்று எவருக்கும் தெரியாது. பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்து வேலைக்கு அல்லது வெளிநாட்டுப் பயணத்துக்கு விண்ணப்பிக்கும்போதுதான் பழைய வழக்கு தலைகாட்டுகிறது. இந்தப் பாடம் இந்த இரண்டு வகைக் குடும்பங்களுக்காகவும் எழுதப்பட்டது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரின் பெயரைக் கொடுத்து அவர் மீது என்ன வழக்கு இருக்கிறது என்று யாரும் தேடிப் பார்க்கக்கூடிய பகிரங்கப் பட்டியல் இலங்கையில் கிடையாது. சில நாடுகளில் அப்படி உண்டு. வெளிநாட்டிலுள்ள உறவினர்கள் அதை நினைத்து “கணினியில பாருங்கோவன்” என்று சொல்வார்கள். உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தீர்ப்புகளை இணையத்தில் பார்க்கலாம். உங்கள் ஊர் நீதவான் நீதிமன்ற வழக்கை அப்படிப் பார்க்க முடியாது. இங்கே பதிவுகள் இரண்டு இடங்களில் இருக்கின்றன: முறைப்பாடு எழுதப்பட்ட பொலிஸ் நிலையத்தின் புத்தகத்திலும், வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவேட்டு அறையிலும். இரண்டுக்கும் நேரே போய்த்தான் கேட்க வேண்டும்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

பொலிஸ் நிலையத்துக்குப் போய் “2007இலோ 2008இலோ ஒரு முறைப்பாடு கொடுத்தோம்” என்றால் யாரும் தேடித் தரமாட்டார்கள். புத்தகங்கள் திகதி வரிசையில் எழுதப்பட்டவை. திகதி கிட்டத்தட்டத் தெரிந்தால்தான் பக்கத்தைப் புரட்டலாம். ஆகவே போவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதில் குடும்பமாக இருந்து கொப்பி ஒன்றில் எழுதுங்கள்.

திகதி நினைவில்லாவிட்டால் ஊர் முழுக்க அறிந்த சம்பவங்களை அடையாளமாகப் பிடியுங்கள். வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டது 1990 ஒக்டோபர். வலிகாமத்திலிருந்து மக்கள் ஒரே இரவில் வெளிக்கிட்டது 1995 ஒக்டோபர் 30. கடல் வந்தது 2004 டிசெம்பர் 26. மூதூரிலிருந்து மக்கள் வெளியேறியது 2006 ஓகஸ்ட். மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பர். “சுனாமிக்கு முதலா, பிறகா?” “மூத்தவள் ஓ.எல். எழுதின வருசமா?” என்று கேட்டுக்கொண்டே போனால் பெரும்பாலும் மாதம் வரைக்கும் வந்துவிடலாம். பிள்ளைகளின் பாடசாலை விடுகைப் பத்திரம், கிளினிக் கொப்பி, முகாமில் தந்த குடும்ப அட்டை, பங்கீட்டு அட்டை ஆகியவற்றிலுள்ள திகதிகளும் உதவும்.

அடுத்தது, எந்தப் பொலிஸ் நிலையம் என்பது. இன்று உங்கள் ஊருக்குப் பொறுப்பான நிலையத்தில்தான் பழைய புத்தகம் இருக்கும் என்று எண்ண வேண்டாம். முறைப்பாடு கொடுத்த நாளில் நீங்கள் எங்கே இருந்தீர்களோ, அந்த இடத்து நிலையத்தில்தான் தேட வேண்டும். மெனிக் பாமில் இருந்தபோது கொடுத்த முறைப்பாட்டை முல்லைத்தீவில் தேடினால் கிடைக்காது. செட்டிகுளத்திலோ வவுனியாவிலோ தேட வேண்டும். வன்னியில் விடுதலைப் புலிகளின் நிர்வாகம் இருந்த காலத்தில் அவர்களுடைய காவல்துறையிலோ நீதிமன்றத்திலோ கொடுத்த முறைப்பாட்டை இன்றைய பொலிஸ் நிலையப் புத்தகங்களில் தேடிப் பயனில்லை. அந்தக் காலத்துத் துண்டு ஏதும் கையில் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். அதை எங்கே, எதற்காகக் காட்டலாம் என்று சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டபின் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, பெயர். பழைய பதிவுகளில் பெயர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்டிருக்கலாம். தகப்பன் பெயர் முன்னுக்கும் உங்கள் பெயர் பின்னுக்கும் வந்திருக்கலாம்; முதலெழுத்து விடுபட்டிருக்கலாம். உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுதுவார்களோ அத்தனையையும் எழுதிக்கொள்ளுங்கள். முறைப்பாட்டைக் கொடுத்தது நீங்களா, கணவரா, மாமாவா என்பதையும் குறியுங்கள், ஏனென்றால் முறைப்பாடு கொடுத்தவரின் பெயரில்தான் பதிவு இருக்கும். அடையாள அட்டை இலக்கம் மாறியிருந்தால் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். 2016இலிருந்து புதிய அட்டைகளில் 12 இலக்கங்கள் வருகின்றன. பழைய பதிவிலோ ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய இலக்கமே இருக்கும்.

பொலிஸ் நிலையத்தில்

முறைப்பாடுகள் தகவல் புத்தகம் எனப்படும் பெரிய புத்தகங்களில் எழுதப்படுகின்றன. ஒரு நிலையத்தில் இப்படிப் பல புத்தகங்கள் உண்டு. குற்றங்களுக்கு ஒன்று, சிறு குற்றங்களுக்கு ஒன்று, தொலைந்த பொருள் போன்ற வழமையான விடயங்களுக்கு ஒன்று என்று இருக்கும். பெண்கள், சிறுவர் தொடர்பான முறைப்பாடுகளுக்குத் தனிப் பிரிவும் உண்டு. முறைப்பாட்டுத் துண்டில் சி.ஐ.பி., ஆர்.ஐ.பி. போன்ற எழுத்துக்களும் அவற்றுக்குப் பக்கத்தில் இலக்கங்களும் இருப்பது இதனால்தான். அது எந்தப் புத்தகம், எந்த இடம் என்பதைக் காட்டுகிறது. துண்டு கிழிந்து அந்த ஒரு வரி மட்டும் மிஞ்சியிருந்தாலும் போதும், வேலை பாதியாகக் குறையும். பழைய நட்டஈட்டு விண்ணப்பத்தின் பிரதியிலோ, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதத்திலோ அந்த இலக்கத்தை நீங்கள் முன்பு எழுதியிருக்கவும் கூடும். வீட்டிலுள்ள எல்லாக் கடதாசியையும் ஒருமுறை பாருங்கள்.

நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாயால் கேட்டால் “பிறகு வாங்கோ” என்பதோடு முடிந்துவிடும். கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

“பொறுப்பதிகாரி அவர்களுக்கு, … கிராமத்தைச் சேர்ந்த … ஆகிய நான், 2008ஆம் ஆண்டு … மாதமளவில் எனது வீட்டிலிருந்த உழவு இயந்திரம் களவு போனமை தொடர்பாகத் தங்கள் நிலையத்தில் முறைப்பாடு செய்திருந்தேன். இடப்பெயர்வின்போது எனது பிரதி தொலைந்துவிட்டது. பிரதேச செயலகத்துக்குச் சமர்ப்பிப்பதற்காக அம்முறைப்பாட்டின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியொன்றைத் தந்துதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். பதிவு கிடைக்காதவிடத்து அதனை எழுத்தில் அறியத்தரவும்.”

கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறோம். கடிதத்தை இரண்டு பிரதிகளாக எழுதி, உங்களிடம் இருக்கும் பிரதியில் திகதியுடன் கையொப்பமோ முத்திரையோ வாங்கிக்கொள்ளுங்கள். அடையாள அட்டைப் பிரதியை இணையுங்கள். முறைப்பாட்டாளர் இறந்துவிட்டார் அல்லது காணாமற்போய்விட்டார் என்றால் உறவைக் காட்டும் ஆவணமும் வேண்டும்: விவாகச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம். பிரதிக்குரிய கட்டணத்தைச் செலுத்தினால் பற்றுச்சீட்டுக் கேளுங்கள்.

நீங்கள் கொடுத்த முறைப்பாட்டின் பிரதியையே பெறலாம். சாட்சிகள் சொன்ன வாக்குமூலங்களும் பொலிஸாரின் விசாரணைக் குறிப்புகளும் இப்படித் தரப்படமாட்டா. பக்கத்து வீட்டுக்காரர் மீது என்ன முறைப்பாடு இருக்கிறது என்று கேட்டாலும் கிடைக்காது. அதைக் கேட்கப்போய் ஊருக்குள் பகையைத் தேடிக்கொள்ளவும் வேண்டாம்.

பொறுப்பதிகாரி மறுத்தால் அந்தப் பிரிவுக்குரிய உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்கு அதே கடிதத்தின் பிரதியுடன் எழுதுங்கள். மொழி காரணமாக அலைக்கழிய வேண்டியதில்லை. அரசியலமைப்பின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி. தமிழில் எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்ப முடியாது.

புத்தகம் இல்லை என்றால்

எரிந்த நிலையங்கள் உண்டு, வெள்ளத்தில் போன புத்தகங்கள் உண்டு. அப்போது இரண்டு வேலைகள் இருக்கின்றன.

ஒன்று, “பதிவு கிடைக்கவில்லை” என்பதை எழுத்தில் வாங்குவது. நட்டஈட்டு அலுவலகத்தில் “நாங்கள் கேட்டோம், அவர்கள் இல்லை என்றார்கள்” என்று சொல்வதை விட அந்தக் கடிதத்தைக் காட்டுவது எவ்வளவோ மேல். பிரதி கிடைக்காமல் போனது உங்கள் கவலையீனத்தால் அல்ல என்பதற்கு அதுவே ஆதாரம்.

மற்றையது, புதிதாக ஒரு முறைப்பாடு பதிவது. இதில் பலர் ஒரு பிழை விடுகிறார்கள். சம்பவம் இன்றுதான் தெரியவந்தது போல எழுதிவிடுகிறார்கள். பிறகு பழைய பதிவு எங்கேயாவது அகப்பட்டால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கும். ஆகவே முன்பு எப்போது, எங்கே முறைப்பாடு செய்தீர்கள், அந்தப் பிரதி எப்படித் தொலைந்தது, ஏன் இப்போது மீண்டும் பதிகிறீர்கள் என்பதைப் புதிய முறைப்பாட்டிலேயே சொல்லுங்கள். சரியான திகதி தெரியாவிட்டால் “அளவில்” என்று சொல்லுங்கள். ஊகித்து ஒரு நாளைச் சொல்ல வேண்டாம்.

கையொப்பமிடுமுன் வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு இதைப் பற்றியது. நீங்கள் வாயால் சொல்லும் தகவலை நீங்கள் பேசும் மொழியில் எழுதி, உங்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும். அந்த உத்தியோகத்தருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், நீங்களே எழுதித் தரும்படி கேட்கலாம். உங்களுக்கும் எழுத முடியாவிட்டால், தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதி, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிய பிறகே கையொப்பம் வாங்க வேண்டும். சிங்களத்தில் எழுதப்பட்ட, உங்களுக்கு விளங்காத ஒரு பக்கத்தில் அவசரப்பட்டுக் கையொப்பமிடாதீர்கள். தமிழில் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது எல்லாவற்றிலும் சுலபம்.

காணாமற்போனவர் பற்றிய முறைப்பாடு

இதில் பொலிஸ் புத்தகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒரே ஆளைப் பற்றி ஒரு குடும்பம் ஐந்தாறு இடங்களில் சொல்லியிருக்கும். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, மனித உரிமைகள் ஆணைக்குழு, 2010இல் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, காணாமற்போனோர் பற்றி விசாரிக்க 2013இல் அமைக்கப்பட்ட சனாதிபதி ஆணைக்குழு ஆகிய ஒவ்வோர் இடத்திலும் தந்த இலக்கம் வேறுவேறு. எல்லா இலக்கங்களையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். பொலிஸ் பிரதி கிடைக்காத குடும்பங்களுக்கு இவற்றில் ஒன்றே முறைப்பாடு உண்மையில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாக உதவும். மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டிருந்தால் அந்த வழக்கேட்டிலும் முறைப்பாட்டின் பிரதி இணைக்கப்பட்டிருக்கக்கூடும். சட்டத்தரணியின் கோப்பையும் கேட்டுப் பாருங்கள்.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட காணாமற்போனோர் அலுவலகத்துக்கு மன்னார், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு ஆகிய இடங்களிலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் 2016இல் திருத்தப்பட்டதிலிருந்து, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத குடும்பங்கள் காணப்படாமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பிள்ளைகளின் அலுவல்களுக்கும், சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிப்பதற்கும், உதவித்திட்டங்களைப் பெறுவதற்கும் அது பயன்படும். “இதில கையெழுத்து வைச்சா பிள்ளை செத்ததாக எழுதிப்போடுவினமோ” என்று தாய்மார் கேட்பார்கள். காணப்படாமைச் சான்றிதழ் மரணச் சான்றிதழ் அல்ல. அவர் இறந்துவிட்டார் என்று அது சொல்வதில்லை. எந்தப் படிவத்தில் கையொப்பமிடுகிறீர்கள் என்பதை அலுவலரிடம் சொல்லிக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இறந்தவரின் உடல் கிடைத்து மரண விசாரணை நடந்திருந்தால், திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை அந்தப் பகுதி நீதவான் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். நட்டஈட்டுக்கு அதன் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியைக் கேட்டால் நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள்.

நீதிமன்றத்தில்

பொலிஸார் ஒருவரைக் கைதுசெய்தால் நீதவானிடம் முற்படுத்தி அறிக்கையொன்றைக் கொடுப்பார்கள். அதை பீ அறிக்கை என்பார்கள். வழக்கின் முதல் இலக்கம் பீ என்ற எழுத்துடன் இருக்கும். சிறிய குற்றமென்றால் வழக்கு நீதவான் நீதிமன்றத்திலேயே முடிந்துவிடும். கொலை போன்ற பாரிய குற்றமென்றால் சட்டமா அதிபர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்து வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வேறொரு இலக்கம் விழும். “நீதவான் கோட்டில அந்த நம்பர் இல்லை எண்டினம்” என்று சொல்லித் திரும்பிவந்தவர்கள் பலர் மேல் நீதிமன்றத்தில் கேட்டதே இல்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானவர்களின் வழக்குகள் வவுனியா, அநுராதபுரம், கொழும்பு மேல் நீதிமன்றங்களிலும் நடந்திருக்கின்றன. கைதான ஊரில் மட்டும் தேடாதீர்கள்.

பதிவாளரின் அலுவலகத்தில் வழக்கு இலக்கத்தைக் கொடுத்துக் கேளுங்கள். இலக்கம் தெரியாவிட்டால் முற்படுத்தப்பட்ட திகதியும் பொலிஸ் நிலையத்தின் பெயரும் தேவை. பிணை முறியின் பிரதி, சிறைச்சாலைக் கடிதம், சட்டத்தரணிக்குக் காசு கட்டிய துண்டு ஆகியவற்றில் இலக்கம் இருக்கலாம். வழக்குத் தரப்பினரோ அவர்களுடைய சட்டத்தரணியோ உரிய கட்டணத்தைச் செலுத்தி உறுதிப்படுத்தப்பட்ட பிரதி கேட்கலாம். பழைய வழக்கேட்டைப் பதிவேட்டு அறையிலிருந்து எடுப்பிக்கச் சட்டத்தரணி மூலம் பிரேரணை கொடுப்பதே வழமை.

நீதிமன்ற அமர்வுகள் பொதுவாகப் பகிரங்கமானவை என்று அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை சொல்கிறது. நடந்துகொண்டிருக்கும் வழக்கென்றால் அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து உள்ளே போய் இருந்து கேட்கலாம். பாலியல் குற்றங்கள், குடும்ப விடயங்கள் போன்றவற்றில் நீதிபதி வெளியாரை விலக்கலாம். தமிழில் நடைபெறாத வழக்கில் நீங்கள் தரப்பினராக இருந்தால் மொழிபெயர்ப்புக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

வழக்கேடு கையில் கிடைத்ததும் கடைசித் தவணைக் குறிப்பை முதலில் பாருங்கள். “விடுவிக்கப்பட்டார்” என்பதும் “விடுதலை செய்யப்பட்டார்” என்பதும் ஒரே மாதிரிக் கேட்கும், ஆனால் ஒன்றல்ல. விசாரித்து நிரபராதி என்று தீர்க்கப்பட்டால் அதே குற்றத்துக்காக மீண்டும் வழக்குப் போட முடியாது. போதிய ஆதாரம் இல்லாமல் இடையில் விடுவிக்கப்பட்டிருந்தால் பின்னர் மீளத் தொடங்க இடமிருக்கலாம். “கிடப்பில் வைக்கப்பட்டது” என்றிருந்தால் வழக்கு முடியவில்லை என்று பொருள். இந்தச் சொற்களை நீங்களே வாசித்து முடிவுக்கு வராமல் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பிடியாணை இருக்குமோ என்ற பயம்

மக்கள் வெளியே சொல்லாமல் மனதுக்குள் வைத்திருக்கும் கேள்வி இதுதான். தவணைக்குப் போகவில்லை என்றால் நீதிமன்றம் பிடியாணை பிறப்பிக்கும். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபோது அது திறந்த பிடியாணையாகும். அதற்குக் காலாவதி கிடையாது, மீளப்பெறப்படும்வரை இருக்கும். ஷெல் விழுந்துகொண்டிருந்ததால் நீங்கள் வரவில்லை என்பது வழக்கேட்டில் எழுதப்பட்டிராது. “எதிரி சமுகமளிக்கவில்லை” என்று மட்டும்தான் இருக்கும். பிணை நின்ற மாமாவின் பெயரும் அதே ஏட்டில் இருக்கும். அவருக்கும் அழைப்புப் போயிருக்கலாம்.

பயத்தில் ஒதுங்கியிருப்பதால் இது தீராது. வீதிச் சோதனையிலோ விமான நிலையத்திலோ பிடிபட்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டிலே நிற்பதை விட, நீங்களாகவே ஒரு சட்டத்தரணியுடன் போய் முன்னிலையாவது நல்லது. சட்டத்தரணி முதலில் வழக்கேட்டைப் பார்த்துப் பிடியாணை இருக்கிறதா என்பதை உறுதிசெய்வார். இருந்தால் பிரேரணை மூலம் உங்களை முற்படுத்தி, ஏன் வரமுடியவில்லை என்பதை விளக்கி, பிடியாணையை மீளப்பெறுமாறு கேட்பார். அன்றைக்குக் கையில் இருக்க வேண்டியவை: இடம்பெயர்ந்திருந்ததற்கான முகாம் அட்டை, பிரதேச செயலாளர் அல்லது கிராம உத்தியோகத்தர் தந்த இடப்பெயர்வு, மீள்குடியேற்றக் கடிதம், காயப்பட்டிருந்தால் வைத்தியசாலை அட்டை, இந்தியாவில் அகதியாக இருந்திருந்தால் அங்கத்தைய பதிவு அட்டை. நிரந்தர முகவரியுள்ள இரண்டு பிணையாளிகளையும் வெளியே தயாராக வைத்திருங்கள். தீர்மானம் நீதவானுடையது. முழுத் தயாரிப்புடன் தானாக வந்தவரை நீதிமன்றம் பார்க்கும் விதமும் பிடித்துக் கொண்டுவரப்பட்டவரைப் பார்க்கும் விதமும் வேறு.

பிடியாணை மீளப்பெறப்பட்டபின் அந்தக் கட்டளையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை எடுத்து, சம்பந்தப்பட்ட பொலிஸ் நிலையத்திலும் கொடுத்து, கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். நீதிமன்றத்தில் தீர்ந்தது பொலிஸ் ஏட்டில் தீராமல் கிடந்து மீண்டும் கைதான கதைகள் உண்டு. அந்தப் பிரதியைச் சில காலத்துக்குச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள்.

புனர்வாழ்வு பெற்று வந்தவர்கள் இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். வழக்கு எதுவும் இல்லாமல் புனர்வாழ்வு நிலையத்தில் இருந்து விடுவிக்கப்பட்டவருக்கு அது நீதிமன்றக் குற்றத்தீர்ப்பு அல்ல. “குற்றத்தீர்ப்பு உண்டா” என்று படிவம் கேட்டால் அவர் இல்லை என்றே எழுதலாம். புனர்வாழ்வு ஆணையாளர் நாயகம் தந்த விடுவிப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். கொடுப்பது பிரதியாக இருக்கட்டும்.

ஒருவருக்குத் தீங்கு செய்யப்பட்டு வழக்கே தொடரப்படாதிருந்தால் ஒரு காலக்கணக்கையும் மனதில் வையுங்கள். கொலையும் அரசுக்கெதிரான துரோகமும் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை பொதுவாக 20 ஆண்டுகளில் அற்றுப்போகும். 2006, 2007ஆம் ஆண்டுச் சம்பவங்களுக்குப் பிரதி தேடுபவர்கள் இனியும் ஆறப்போட வேண்டாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம்

பொலிஸ் நிலையமோ வேறு அலுவலகமோ பதிலே தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். இது 2017 பெப்ரவரி 3இலிருந்து நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பிரசைகள் கேட்கலாம். இந்தியாவிலிருந்து திரும்பி, பிள்ளைகளின் பிரசாவுரிமைப் பதிவு இன்னும் முடியாத குடும்பங்களில் அடையாள அட்டை உள்ள ஒருவர் விண்ணப்பிக்கட்டும்.

ஒவ்வொரு பொது அதிகாரசபையிலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் உண்டு. தமிழில் எழுதிக் கொடுக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவரே எழுத உதவ வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. கையேற்றதற்கான துண்டை அவர் தர வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது தனிப்பட்ட சுதந்திரம் பற்றிய தகவலென்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் வர வேண்டும். கைதான மகன் எங்கே வைக்கப்பட்டிருக்கிறான் என்று தெரியாத வீட்டுக்கு இந்த வரி முக்கியம். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அவரும் மறுத்தால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையிடலாம்.

கேள்வியைக் குறுக்கிக் கேளுங்கள். “எனது மகனின் விடயம் பற்றிய எல்லாம்” என்று கேட்டால் நடக்கும் விசாரணையைப் பாதிக்கும் என்று மறுக்க இலகு. மாறாக, “2009 மே மாதத்தில் நான் செய்த முறைப்பாட்டின் பிரதி, அப்புத்தகம் இப்போது எந்த அலுவலகத்தில் உள்ளது, அது அழிக்கப்பட்டிருந்தால் எப்போது, யாருடைய உத்தரவின்படி” என்று கேளுங்கள். வேறொருவரின் தனிப்பட்ட தகவலை இந்தச் சட்டத்தின்கீழும் பொதுவாகப் பெறமுடியாது.

பொலிஸ் சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக: வெளிநாட்டு அலுவலுக்கான பொலிஸ் அனுமதிச் சான்றிதழைப் பொலிஸ் தலைமையகம் வழங்குகிறது. நீங்கள் வாழ்ந்த முகவரிகளுக்குரிய நிலையங்களில் விசாரித்த பின்னரே தருவார்கள். இடம்பெயர்ந்து வாழ்ந்த முகவரிகளை மறைக்காமல், காலவரிசையில் எழுதுங்கள். வீட்டில் எழுதிய அந்தக் கொப்பி இங்கேயும் கைகொடுக்கும்.

யாரிடம் உதவி கேட்பது

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பல ஊர்களில் அதன் நிலையம் நீதிமன்ற வளவுக்குள்ளேயே இருக்கும். கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதத்தைக் கொண்டுபோங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தாலோ மிரட்டப்பட்டாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை அலுவலகங்களில் முறையிடலாம். அதன் உடனடித் தொலைபேசி இலக்கம் 1996. எந்த அலுவலகம் எங்கே என்று தெரியாவிட்டால் அரச தகவல் நிலையத்தை 1919இல் கேளுங்கள்.

நீதிமன்ற வாசலில் “பழைய கேஸை நான் எடுத்துத் தாறன்” என்று காசு கேட்பவர்கள் நிற்பார்கள். அவர்களிடம் மூல ஆவணம் எதையும் கொடுக்க வேண்டாம். பலருக்கு மிஞ்சியிருந்த ஒரே துண்டும் அப்படித்தான் போனது. கிடைத்த ஒவ்வொரு பிரதியையும் மூன்றாகப் படியெடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில், ஒன்று தொலைபேசியில் படமாக. மூலத்தை பொலித்தீன் உறையில் போட்டு, மாரி மழைக்கு நனையாத உயரத்தில் வையுங்கள். வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்காவது அது எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்கட்டும்.